காது கேளாத பிள்ளைக்கு அறிவியலும் கணக்கும்: கையிலிருக்கும் போனை வைத்து எப்படித் தொடங்குவது?

கேரள–தமிழ்நாடு எல்லையோரத்தில், பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கமெல்லாம் வீட்டில் தமிழ்தான். பள்ளிக்கூடத்தில் சில பிள்ளைகள் தமிழ் மீடியம், சிலர் மலையாளம், சிலர் இங்கிலீஷ். எல்லை தாண்டிப் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ போய்ப் படிப்பவர்களும் உண்டு. காது கேட்கும் பிள்ளை இந்த மொழிகளைத் தெருவிலும் பஸ்ஸிலும் கேட்டே பிடித்துக்கொள்ளும். காது கேளாத பிள்ளைக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. வீட்டில் அம்மாவின் உதடு ‘தண்ணீர்’ என்று அசைகிறது, வகுப்பில் டீச்சரின் உதடு ‘வெள்ளம்’ என்று அசைகிறது. இரண்டும் ஒரே பொருளைத்தான் சொல்கின்றன என்று அந்தப் பிள்ளைக்கு யாராவது கையால் காட்டினால்தான் தெரியும்.

இந்திய சைகை மொழி வாளையாறு செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான். ஊருக்கு ஊர் சில சைகைகள் மாறும், இலக்கணம் மாறாது. அதனால் எல்லைப் பக்கத்துப் பிள்ளைக்குப் பாடத்தை முதலில் சைகையில் புரியவைத்துவிட்டு, அப்புறம் எந்த மொழிப் புத்தகமோ அந்த மொழிக்குப் போவதே சுலபமான வழி.

முதல்முறையாகச் சொல்லித்தர உட்காரும் அப்பா அம்மாவையும், டியூஷன் எடுப்பவர்களையும், பள்ளி ஆசிரியர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். என் தம்பிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. எனக்குச் சைகை மொழி கற்றுக்கொடுத்தவர்கள் அவனும் அவன் நண்பர்களும்தான். வார விடுமுறையில் எங்கள் பக்கத்துக் காது கேளாத பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் எடுக்கிறேன். அந்த வகுப்பில் போனுக்கு நிறைய வேலை இருக்கிறது. ஆனால் போனைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டால் ஒன்றும் நடக்காது.

ஆப் இறக்கும் முன்

முதலில் பிள்ளையிடம் என்ன மொழி இருக்கிறது என்று பாருங்கள். நேற்று நடந்த ஒரு விஷயத்தைச் சைகையிலோ பேச்சிலோ எழுத்திலோ அந்தப் பிள்ளையால் கோவையாகச் சொல்ல முடிகிறதா? ‘ஏன்’ என்று கேட்டால் காரணம் சொல்கிறதா? முடிகிறதென்றால் பாடத்துக்குப் போகலாம். எட்டு வயதாகியும் சாப்பாடு, தூக்கம், பாத்ரூம் என்று வீட்டுக்குள் உருவாக்கிக்கொண்ட நாலைந்து சைகைதான் இருக்கிறதென்றால், ஒளிச்சேர்க்கை வீடியோவைப் போட்டுக் காட்டிப் பயனில்லை. அந்தப் பிள்ளைக்கு அவசரமாக வேண்டியது சைகை மொழி பேசும் மனிதர்கள். மாவட்டத்துக் காது கேளாதோர் சங்கத்தில் விசாரியுங்கள், காது கேளாத பெரியவர்கள் கூடும் இடத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போங்கள், நீங்களும் கூடவே கற்றுக்கொள்ளுங்கள். தமிழ் தெரிந்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு. இந்திய சைகை மொழியிலும் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். ‘பையன் மாங்காய் சாப்பிடுகிறான்’ என்ற நம் வரிசை அப்படியே கைக்கு வரும். கேள்விச் சொல் கடைசிக்குப் போகும், கூடவே முகமும் கேட்கும். முகபாவம் இந்த மொழியின் இலக்கணத்தில் சேர்ந்தது என்பதால் முகத்தைச் சும்மா வைத்துக்கொண்டு கையை மட்டும் ஆட்டினால் பாதிதான் போய்ச் சேரும்.

போன் எதுவாக இருந்தாலும் சரி. திரை கொஞ்சம் பெரிதாக இருந்தால் விரல்கள் தெளிவாகத் தெரியும், மெமரியில் வீடியோ சேமிக்க இடம் வேண்டும். ஒரு ஸ்டாண்டு கட்டாயம் வாங்கிவிடுங்கள். சைகை பேச இரண்டு கையும் வேண்டும், போனைப் பிடித்துக்கொண்டிருந்தால் பிள்ளைக்கும் பேச முடியாது, உங்களுக்கும் முடியாது.

எவற்றை இறக்குவது

முதலாவது, சைன் லேர்ன். டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2022 செப்டம்பர் 23 அன்று, சர்வதேச சைகை மொழிகள் தினத்தில் வெளியிட்ட ஆப் இது. அந்த மையத்தின் அகராதி 2018இல் 3,000 சொற்களோடு தொடங்கி, 2019இல் 6,000 ஆகி, 2021இல் 10,000 சொற்களை எட்டியது. கல்வி, மருத்துவம், சட்டம், விவசாயம் என்று பிரிவுகள் உண்டு. ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் சைகை வீடியோ வரும். அதனால் பாடத்தைத் தொடங்கும் முன், அன்றைக்குத் தேவையான தமிழ்க் கலைச்சொற்களுக்கு நேரே ஆங்கிலச் சொல்லை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேரளத்துத் தமிழ் மீடியம் புத்தகமானாலும் தமிழ்நாட்டுப் புத்தகமானாலும் இந்த நோட்டு ஒன்றே போதும், வருஷா வருஷம் உதவும்.

இரண்டாவது, தீக்ஷா. இது மத்திய அரசின் பள்ளிப் பாட ஆப். புத்தகத்தில் தீக்ஷாவுக்கான க்யூஆர் கோடு இருந்தால், அதை இதில் ஸ்கேன் செய்து பாடத்துக்கான வீடியோவைப் பார்க்கலாம். என்.சி.இ.ஆர்.டி. பாடநூல்களைச் சைகை மொழிக்கு மாற்ற அந்த அமைப்பும் டெல்லி மையமும் 2020 அக்டோபரில் ஒப்பந்தம் போட்டன. அப்படி உருவான பாட வீடியோக்களைத் தீக்ஷாவில் தேடலாம். 2024 டிசம்பரில் மத்திய அரசின் கல்வி டி.வி.யான பி.எம். இ-வித்யாவின் 31ஆவது சேனல் சைகை மொழிக்கென்றே தொடங்கியது. இவை என்.சி.இ.ஆர்.டி. வரிசைப்படி இருக்கும். நம் பிள்ளையின் மாநிலப் பாடப் புத்தகத்தில் அதே பாடம் வேறு வகுப்பில் இருக்கலாம். வகுப்பு எண்ணைப் பார்க்காமல் பாடத் தலைப்பைப் பார்த்துத் தேடுங்கள்.

தென்னந்தோப்புக்குள் இருக்கும் வீடுகளில் டவர் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். வீடியோ நின்று நின்று ஓடினால் சைகை துண்டு துண்டாகிவிடும், அர்த்தமே மாறிப்போகும். சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் முன்கூட்டியே பார்த்து, ஆப்பில் வசதி இருந்தால் டவுன்லோடு செய்துகொண்டு உட்காருங்கள். யூடியூப் வீடியோவாக இருந்தால் வேகத்தைப் பாதியாகக் குறைத்து ஒருமுறை காட்டிவிட்டு, அப்புறம் சாதாரண வேகத்தில் காட்டலாம்.

ஒரு சொல்லை எப்படித் தேடுவது

அறிவியல் சொற்களைத் தேடும்போது கவனம் வேண்டும். ‘வால்யூம்’ என்று தட்டுகிறீர்கள். நமக்கு வேண்டியது கன அளவு. வந்த வீடியோ சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்யூமாக இருந்தால்? காது கேளாத பிள்ளை அதை அப்படியே மனதில் பதித்துக்கொள்ளும், அப்புறம் மாற்றுவது கஷ்டம். ‘பவர்’ என்ற சொல்லும் அப்படித்தான். இயற்பியலில் திறன், கணக்கில் அடுக்கு, ஊரில் அதிகாரம். ஆகவே வீடியோவை நீங்கள் முதலில் தனியாகப் பாருங்கள். கூடவே வரும் விளக்கமோ படமோ உங்கள் பாடத்தோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்துவிட்டுப் பிள்ளைக்குக் காட்டுங்கள்.

சொல் கிடைக்கவில்லையென்றால் அதே பொருளுள்ள வேறு ஆங்கிலச் சொல்லைத் தட்டுங்கள். அதிலும் இல்லையென்றால் காது கேளாத பெரியவர் ஒருவருக்கு வீடியோ கால் போட்டு, பொருளையோ படத்தையோ காட்டி, ‘இதற்கு என்ன சைகை?’ என்று கேளுங்கள். அவர்களுக்கும் தெரியாத சொல்லானால் விரல் எழுத்தில், அதாவது ஒவ்வொரு எழுத்தாகக் கையால், எழுதிக் காட்டுங்கள். இந்திய சைகை மொழியில் ஆங்கில எழுத்துகளுக்கான விரல் எழுத்து இரண்டு கையாலும் காட்டுவது. மலையாள எழுத்துகளுக்கு ஒரே சீரான விரல் எழுத்து வடிவத்தைத் திருவனந்தபுரத்தில் உள்ள நிஷ் என்ற பேச்சு, செவித்திறனுக்கான தேசிய நிறுவனம் 2021இல் கொண்டுவந்தது. மலையாள மீடியத்தில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அது உதவும்.

காது கேட்கும் நாம் அவசரத்துக்கு ஒரு சைகையை நாமே உருவாக்கிக்கொள்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. நிறை, எடை என்ற இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். கையில் தூக்கிப் பார்ப்பது போல ஒரே சைகையை இரண்டுக்கும் போட்டுவிடுவோம். பிள்ளையும் தலையாட்டும். நிலாவில் நிறை மாறாது, எடை ஆறில் ஒரு பங்காகக் குறையும் என்று சொல்லும் நாளில் அந்த ஒரே சைகை காலை வாரிவிடும். தவிர்க்கவே முடியாமல் வகுப்புக்குள் ஒரு தற்காலிகச் சைகை வேண்டியிருந்தால், பிள்ளைகளையே பேசி முடிவு செய்யச் சொல்லுங்கள். நோட்டில் அதன் பக்கத்தில் ‘தற்காலிகம்’ என்று எழுதுங்கள். சரியான சைகை கிடைத்ததும் மாற்றிவிடுங்கள்.

வெளிநாட்டு ஆப்கள்

தேடினால் அழகழகாக வெளிநாட்டு அகராதிகள் வரும். அமெரிக்காவின் டெர்க் நிறுவனம் அறிவியலுக்கும் கணக்கிற்கும் தனித்தனியே சைகை அகராதி செய்திருக்கிறது, அதில் கார்ட்டூன் உருவங்கள் சைகை செய்யும். ஸ்காட்லாந்தில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இருக்கும் மையம் இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதச் சொற்களுக்குப் பிரிட்டிஷ் சைகை மொழியில் வீடியோக்கள் வைத்திருக்கிறது. ஒரு கருத்தைக் கையால் எப்படி வடிக்கிறார்கள் என்று ஆசிரியர்கள் பார்த்துக் கற்க இவை நல்லவை. பிள்ளைக்கு நேரடியாகக் கொடுக்காதீர்கள். அமெரிக்க சைகை மொழி வேறு மொழி, அதன் விரல் எழுத்து ஒரு கையால் காட்டுவது. ஏற்கெனவே மூன்று மொழிகளுக்கு நடுவில் நிற்கும் பிள்ளைக்கு நாலாவதாக ஒன்றைத் திணித்ததாகிவிடும்.

தட்டச்சு செய்தால் தானாகவே சைகையாக மாற்றித் தருகிறோம் என்று சொல்லும் ஆப்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். அந்த உருவங்களின் முகத்தில் உணர்ச்சி இல்லையென்றால் கேள்வியா, மறுப்பா, நிபந்தனையா என்று தெரியாது. ‘வெப்பம் கூடினால் கன அளவு கூடும்’ என்ற வாக்கியத்தில் அந்த ‘கூடினால்’ விழுந்துவிட்டால் பாடமே விழுந்துவிடும்.

பாடத்தை நடத்தும் வரிசை

பொருள் முதலில், சைகை இரண்டாவது, எழுத்து மூன்றாவது, சூத்திரம் கடைசி. இந்த வரிசையை மாற்றாதீர்கள். கன அளவுப் பாடத்தை நான் நடத்தும் விதத்தைச் சொல்கிறேன்.

ஒரு டம்ளரைத் தட்டில் வைத்து விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுகிறேன். பிள்ளை ஒரு கூழாங்கல்லை மெதுவாக உள்ளே விடுகிறது. தண்ணீர் தட்டில் வழிகிறது. வழிந்த தண்ணீரை ஊசி இல்லாத மருந்து சிரிஞ்சால் உறிஞ்சி எத்தனை மில்லி என்று பார்க்கிறோம். இவ்வளவு நேரமும் நான் கை பேசவில்லை. பேசினால் பிள்ளை என் கையைப் பார்க்கும், தண்ணீர் வழிந்ததைப் பார்க்காமல் விட்டுவிடும். காது கேட்கும் பிள்ளை டம்ளரைப் பார்த்துக்கொண்டே டீச்சர் சொல்வதையும் கேட்டுக்கொள்ளும். இந்தப் பிள்ளைக்கு இரண்டுக்கும் இருப்பது கண் மட்டும்தான். புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: செய்யும்போது பேசாதீர்கள், பேசும்போது செய்யாதீர்கள், இரண்டுக்கும் நடுவில் பிள்ளை தலை நிமிரும் வரை பொறுங்கள். சைகை வீடியோவை ஓடவிட்டபடியே கரும்பலகையில் எழுதுவதும் இதே தவறுதான்.

தண்ணீர் வழிந்த பிறகு, ‘ஏன் வழிந்தது?’ என்று கேட்கிறேன். ‘கல் இடம் பிடித்தது’ என்று பிள்ளை தன் சைகையில் சொன்னதும், போனில் கன அளவுக்கான சைகையைக் காட்டுகிறேன். பார்த்தது ஒன்று, சைகை ஒன்று, இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. அப்புறம்தான் நோட்டில் ‘கன அளவு’ என்று எழுதுகிறோம். மலையாள மீடியம் பிள்ளைக்குப் பக்கத்திலேயே அவர்கள் புத்தகச் சொல்லையும் எழுதுவோம். நீளம், அகலம், உயரம் என்று பெருக்கும் கதை அடுத்த நாளைக்கு.

அதற்கு அப்புறம் ஊர்க் கணக்குக்குப் போகலாம். பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு, சித்தூர்ப் பக்கத்து வயல்களுக்காக, ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும். வீட்டில் பெரியவர்கள் எந்நேரமும் பேசும் இந்த டி.எம்.சி. என்னவென்று காது கேளாத பிள்ளைக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு டி.எம்.சி. என்றால் 100 கோடி கன அடி. ஒரு கன அடியில் சுமார் 28.3 லிட்டர். ஒரு அடி நீளம், அகலம், உயரத்தில் அட்டைப் பெட்டி ஒட்டி, உள்ளே பாலித்தீன் விரித்து, குடத்தால் தண்ணீர் ஊற்றி எண்ணச் சொல்லுங்கள். பெட்டி பிதுங்காமல் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் 725 கோடி பெட்டி. பிள்ளைகள் கண் விரியும் இடம் இது. வீட்டுக்குப் போய் அப்பாவிடம் தண்ணீர்ப் பிரச்சினையைப் பற்றிச் சைகையில் கேட்கும்.

கணக்கில் இரண்டு விஷயம்

எண்கோடு, வரைபடம் நடத்தும்போது பிள்ளைக்கு எதிரே உட்காராதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். எதிரே உட்கார்ந்தால் உங்கள் வலது பிள்ளைக்கு இடது. மிகை எண் எந்தப் பக்கம், குறை எண் எந்தப் பக்கம் என்று குழம்பிப்போகும். செல்ஃபி கேமராவில் வீடியோ எடுத்தாலும் இதே சிக்கல்தான், சில போன்கள் படத்தைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பியே சேமிக்கும். கணக்கு வீடியோவைப் பின்பக்கக் கேமராவில் எடுங்கள். பிள்ளைக்கு இடது கைப் பழக்கம் என்றால் சைகை கை மாறி வரும், அது சரிதான், திருத்த வேண்டாம். ஆனால் எண்கோட்டின் திசை மாறக் கூடாது.

அடுத்தது வாக்கியக் கணக்கு. கூட்டல், கழித்தலில் நூற்றுக்கு நூறு வாங்கும் பிள்ளை இங்கே வந்து நின்றுவிடும். காரணம் கணக்கில் இல்லை, வாக்கியத்தில் இருக்கிறது. ‘கீதாவிடம் 12 மாங்காய் இருக்கின்றன. அது ராமுவிடம் இருப்பதைவிட 5 அதிகம். ராமுவிடம் எத்தனை?’ பிள்ளை ‘அதிகம்’ என்பதைப் பார்க்கிறது, கூட்டுகிறது, 17 என்கிறது.

இதற்குச் சைகை மொழியிலேயே வழி இருக்கிறது. கீதாவைக் காற்றில் வலப்பக்கம் ஓரிடத்தில் நிறுத்துங்கள், ராமுவை இடப்பக்கம். பிறகு பெயர் சொல்லத் தேவையில்லை, அந்த இடத்தைக் காட்டினாலே அவர்கள்தான். முதலமடைத் தோப்பிலிருந்து வந்த மாங்காயையே வலப்பக்கம் பன்னிரண்டு வையுங்கள். ‘இவளிடம் அதிகம். எவ்வளவு? ஐந்து. அந்த ஐந்தை எடுத்துவிட்டால் இருவரும் சமம்.’ பிள்ளையே ஐந்தை நகர்த்தட்டும். ஏழு கண்ணெதிரே இருக்கும். இதைப் போனில் வீடியோ எடுத்துவைத்து, அதே வாக்கியத்தை எழுத்தில் காட்டி, எந்தச் சொல் எந்த அசைவு என்று பிள்ளையையே பொருத்தச் சொல்லுங்கள். ‘விட’, ‘மீதி’, ‘தலா’, ‘குறைந்தது’, ‘மொத்தம்’ என்ற சொற்களுக்கு இப்படி ஒவ்வொரு வீடியோ செய்துவிட்டால் பாதிக் கணக்குப் புத்தகம் திறந்துவிடும்.

சத்தமே தேவைப்படாத கருவிகள்

சைகை ஆப் மட்டும்தான் காது கேளாத பிள்ளைக்கு என்று நினைக்க வேண்டாம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் (PhET) என்ற ஊடாடும் அறிவியல் பாவனைகளைப் போனின் பிரவுசரிலேயே திறக்கலாம். மின்சுற்று, பின்னம், அணு அமைப்பு எல்லாவற்றையும் பிள்ளை கையால் நகர்த்திப் பார்க்கும். முக்கோணத்தின் முனையை இழுத்தால் கோணங்கள் எப்படி மாறுகின்றன என்று பார்க்க ஜியோஜீப்ரா. இரண்டும் இலவசம், இரண்டிலும் பேச்சு விளக்கத்தை நம்பியிருக்கத் தேவையில்லை.

ஒலிப் பாடத்தைப் பல ஆசிரியர்கள் இந்தப் பிள்ளைகளுக்கு நடத்தாமலே தாண்டிவிடுகிறார்கள். தாண்டாதீர்கள். நெம்மாறை வல்லங்கி வேலா திருவிழாவில் செண்டை மேளத்துக்குப் பக்கத்தில் நின்ற காது கேளாத பிள்ளை எதுவானாலும், நெஞ்சில் அதிர்ந்ததைச் சொல்லும். அங்கிருந்து தொடங்குங்கள். ஜெர்மனியின் ஆகன் நகரப் பல்கலைக்கழகத்தில் உருவான பைபாக்ஸ் (phyphox) என்ற இலவச ஆப்பை இரண்டு போன்களில் இறக்குங்கள். ஒன்றில் டோன் ஜெனரேட்டரைத் திறந்து 250 ஹெர்ட்ஸ் வையுங்கள். ஊதிய பலூனை அந்த ஸ்பீக்கரில் ஒட்டிப் பிடித்து, பிள்ளையின் விரல் நுனிகளைப் பலூனில் வைக்கச் சொல்லுங்கள். இன்னொரு போனில் ஆடியோ ஸ்கோப் ஓடட்டும், திரையில் அலை தெரியும். இப்போது 500க்கு ஏற்றுங்கள். விரலில் அதிர்வு குறையும், திரையில் அலைகள் நெருங்கும். இன்னும் ஏற்றிக்கொண்டே போனால் விரலுக்கு ஒன்றும் தெரியாது, திரையில் மட்டும் அலை இருக்கும். அதிர்வெண் என்றால் என்ன, மனிதக் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்றால் என்ன, உடம்பு எதுவரை உணரும் என்றெல்லாம் கேள்வி அந்தப் பிள்ளையிடமிருந்தே வரும்.

சோதனை செய்யும்போது ஒரு எச்சரிக்கை. கேட்க உதவும் காக்ளியர் இம்ப்ளாண்ட் கருவியை அறுவைச் சிகிச்சையில் வைத்த பிள்ளைகள் இப்போது இரண்டு மாநிலங்களிலும் அரசு உதவியால் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தக் கருவியின் ஒரு பகுதி தோலுக்கு அடியில் காந்தத்தோடு இருக்கிறது. வலுவான காந்தங்களைத் தலைப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. பலூனைத் தலைமுடியில் தேய்ப்பது போன்ற நிலைமின்சாரச் சோதனையை அந்தப் பிள்ளை செய்ய வேண்டாம், பார்க்கட்டும். பக்கத்தில் நின்று பார்க்கும்போதும் வெளிக் கருவியைக் கழற்றித் தள்ளி வைத்துவிடலாம். நிலைமின்சாரத்தை உண்டாக்கும் வான் டி கிராஃப் இயந்திரத்தின் பக்கமே அனுப்பாதீர்கள். சந்தேகமிருந்தால் ஆடியோலஜிஸ்ட்டிடம் (செவித்திறன் நிபுணரிடம்) கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பேச்சை எழுத்தாக்கும் ஆப்

கூகுளின் லைவ் ட்ரான்ஸ்க்ரைப் 2019இல் வந்தது. எதிரே பேசுவது உடனுக்குடன் திரையில் எழுத்தாக வரும். தமிழும் மலையாளமும் அதில் உண்டு. இரண்டு மொழிகளைத் தேர்ந்து வைத்து மாற்றிக்கொள்ளலாம் என்பதால் எல்லைப் பக்கத்துக்குப் பொருத்தமானது. ஆனால் இது நன்றாக வாசிக்கத் தெரிந்த பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குத்தான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஓடும் எழுத்தைக் காட்டினால் மிரண்டுபோகும். கலைச்சொற்களைத் தப்பாக எழுதும், ஃபேன் சத்தத்தில் பாதி விட்டுப்போகும். ஆசிரியரின் மேஜை மேல் போனை வைத்து, கலைச்சொற்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பேசச் சொன்னால் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

சொந்த வீடியோ அகராதி

சில மாதத்தில் உங்கள் போனில் நீங்களே சேர்த்த சைகைகள் எந்த ஆப்பையும்விடப் பயன்படும். சைகை செய்பவர் காது கேளாதவராக இருப்பது நல்லது. கோவைக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்வரும் அண்ணன்மார், அக்காமார் ஊரில் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை கேட்டுப் பாருங்கள். எங்கள் வகுப்புக்கு வரும் ஒரு பையனின் அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்: “அக்கா, அவங்களுக்கு நான் சொல்றது புரியுமா? எனக்குச் சைகை தெரியாதே.” போனில் பாடப் படத்தைக் காட்டுங்கள், போதும் என்றேன். அந்த அண்ணன் படத்தைப் பார்த்தார், இலையைத் தொட்டார், வெயிலைக் காட்டினார், சாப்பாடு சமைப்பதைக் காட்டினார். அந்த அம்மாவுக்கே ஒளிச்சேர்க்கை அன்றைக்குத்தான் புரிந்தது.

எடுக்கும்போது போனைப் படுக்கை வாட்டில் வையுங்கள். தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு இடுப்பு வரை தெரிய வேண்டும், கை விரிந்தாலும் ஓரத்தில் வெட்டுப்படக் கூடாது. வெளிச்சம் முகத்தில் விழட்டும், ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் ஆள் கறுப்பாகிவிடுவார். பூப்போட்ட சேலையும் கட்டம் போட்ட சட்டையும் விரலை விழுங்கிவிடும், தோல் நிறத்துக்கு மாறுபட்ட ஒற்றை நிறத் துணி போதும். இருட்டில் எடுத்தால் வேகமான விரல்கள் மங்கிப்போகும். ஒரு சொல்லுக்கு ஒரு சின்ன வீடியோ, ஃபைல் பெயரைச் சொல்லின் பெயராகவே வையுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறையும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். யாரை எடுத்தாலும் அனுமதி கேட்டு எடுங்கள், பிள்ளைகளின் முகம் தெரியும் வீடியோவைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் வெளிக் குழுக்களில் போடாதீர்கள்.

பள்ளியிடம் என்ன கேட்கலாம்

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, காது கேளாத பிள்ளைக்கு ஏற்ற மொழியிலும் முறையிலும் கல்வி கிடைக்க வேண்டும் என்கிறது. 17ஆம் பிரிவு சைகை மொழி தெரிந்த ஆசிரியர்களை நியமிப்பது பற்றிப் பேசுகிறது. வகுப்பில் போன் கூடாது என்று பள்ளி சொன்னால், இந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டு, கற்றல் கருவியாக அனுமதி கேட்டு எழுத்தில் கடிதம் கொடுங்கள். முன் வரிசையில், ஆசிரியர் முகமும் கரும்பலகையும் ஒருசேரத் தெரியும் இடத்தையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நாடு முழுவதும் செல்லும். தேர்வுச் சலுகைகள் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கேரளத்தில் காது கேளாதோருக்கென்று தனி எஸ்.எஸ்.எல்.சி. தேர்வே உண்டு. தமிழ்நாட்டில் ஒரு மொழிப்பாட விலக்கும் கூடுதல் நேரமும் கிடைக்கும். எட்டாம் வகுப்புக்குப் பிறகு எல்லை தாண்டிப் பள்ளி மாற்றும் எண்ணம் இருந்தால், மாற்றும் முன் இரண்டு பக்கத்துக் கல்வி அலுவலகத்திலும் விசாரியுங்கள்.

மொழி விலக்கு வாங்கும்போது பலரும் யோசிக்காமல் ஆங்கிலத்தை விட்டுவிடுகிறார்கள். பத்தாம் வகுப்போடு நிறுத்துவதாக இருந்தால் சரி. நிஷ் போன்ற இடத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டப் படிப்பு வரை போக ஆசைப்படும் பிள்ளைக்கு ஆங்கிலச் சொற்கள் வேண்டும், சைகை அகராதியைத் தானே தேடிப் படிக்கவும் அவை வேண்டும். தேர்வில் ஆங்கிலத்தை விட்டாலும், அந்தக் கலைச்சொல் நோட்டை நிறுத்தாமல் எழுதிக்கொண்டே வாருங்கள். எந்த மொழியை விடுவது என்பதைப் பிள்ளையிடமும் கேட்டு, ஒன்பதாம் வகுப்பு முடியும் முன்பே முடிவு செய்து விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள்.